வீட்டு முயலும் புழுக்கையும் எல்லைக் குறியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முயல் என்ன சாப்பிடும் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள், இரண்டாவது வாரத்தில் அதை விட்டுவிட்டு அது எங்கெங்கே போய் வைக்கிறது என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குள், குறிப்பாக அடுக்குமாடிக் குடியிருப்பில், முயலை அவிழ்த்துவிட்டு வளர்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

பூனையைப் போல முயலையும் ஒரே இடத்தில் போகப் பழக்க முடியுமா?

முடியும். மூத்திரத்தை அநேகமாக முழுதாகவே ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். புழுக்கை மட்டும் நாலைந்து அங்கங்கே உதிரத்தான் செய்யும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் முயல் வளர்க்காமல் இருப்பது நல்லது.

வீட்டில் வளர்க்கிற முயல்கள் எல்லாமே ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. அதன் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். கூட்டமாக வளை தோண்டி வாழும். வளையைச் சுற்றிக் குறிப்பிட்ட சில இடங்களில் புழுக்கையைக் குவிக்கும். அதுதான் கழிப்பிடம், அடுத்த கூட்டத்துக்கு எல்லைக் குறியும் அதுவேதான். அந்தப் பழக்கம் உங்கள் முயலுக்கும் பிறவியிலேயே இருக்கிறது. நீங்கள் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை, இடத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கிறீர்கள்.

நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது, புல் மறைவில் தனியாகக் கிடக்கும். அதைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தோட்டத்தில் குட்டி கிடைத்தது, எப்படிப் பழக்குவது என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தரையில் கிடப்பது எதுவானாலும் ஒன்றுதானே? துடைத்தால் போதாதா?

போதாது. துடைப்பதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். என்ன கிடக்கிறது, எப்படி விழுந்திருக்கிறது என்பதிலேயே காரணம் தெரிந்துவிடும்.

உருண்டையாக, காய்ந்து, நாற்றமில்லாமல், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தால் அது எல்லைக் குறி. கூண்டைச் சுற்றி, அறை வாசலில், புதிதாக விரித்த பாய்மேல் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பெருக்கி எடுத்தால் போதும். ஒரு முயல் ஒரு நாளில் இருநூறு முந்நூறு புழுக்கை போடும். அதில் பத்துப் பதினைந்து வெளியே கிடப்பதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே மூலையில் மூத்திரம் தேங்கி நின்றால், அது தனக்கென ஒரு கழிப்பிடம் தேர்ந்தெடுத்துவிட்டது என்று பொருள். நீங்கள் கழிப்பிடமாக வைத்த ட்ரே இருக்கும் இடம் அதற்குப் பிடிக்கவில்லை.

நீளக் கோடாக, சுவரிலும் திரைச்சீலையிலும் தெறித்திருந்தால் அது பீய்ச்சல். மூத்திரம் முட்டிப் போனது அல்ல, வயதுக்கு வந்த முயல் போடும் அடையாளம். உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடி, மெல்ல உறுமி, கால்மேலேயே பீய்ச்சுவதும் இதில் சேர்த்தி.

சின்னச் சின்னச் சொட்டாகப் பல இடங்களில், பின்பக்க முடியும் நனைந்திருந்தால் அது பழக்கக் கோளாறே அல்ல. சிறுநீர்ப்பை தொந்தரவாக இருக்கும். மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று: கருமையாக, பளபளவென்று, மல்பெரிப் பழம் போலக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, நாற்றமும் அடிக்கும். வயிற்றுப்போக்கு என்று பயந்து பலர் படம் எடுத்து அனுப்புவது இதைத்தான். இது குடலில் ஒருமுறை நொதித்து வரும் மென்புழுக்கை. புரதமும் பி வைட்டமின்களும் உள்ளது. முயல் இதை ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும், ஆகவே நம் கண்ணில் படவே கூடாது. தினமும் தரையில் கிடக்கிறது என்றால் தீவனக் குச்சி, பழம், கேரட் அதிகமாகி உலர்புல் குறைந்துவிட்டது. அல்லது முயல் குண்டாகி, இல்லை முதுகு வலித்து, குனிய முடியாமல் இருக்கிறது. கேரட்டை நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

நாலு மாதம் வரை ஒழுங்காக ட்ரேயில் போனது. இப்போது வீடெல்லாம் பீய்ச்சுகிறது. என்ன ஆயிற்று?

வயதுக்கு வந்துவிட்டது. சிறு இனங்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே வரும், பெரிய இனங்கள் இன்னும் சற்றுத் தள்ளி. ஆண்தான் அதிகம் பீய்ச்சும் என்றாலும் பெண்ணும் செய்யும். பெண் முயல் கூடவே வேறொன்றும் செய்யும்: இல்லாத கர்ப்பத்துக்குக் கூடு கட்டும். நெஞ்சு முடியைப் பிய்த்து, வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலையும். அந்த இரண்டு மூன்று வாரத்தில் ட்ரேயைக் கழிப்பிடமாக மதிக்காது, அதிலேயே கூடு கட்டினாலும் கட்டும்.

இந்தக் கட்டத்தில் எவ்வளவு பழக்கினாலும் பாதிதான் பலிக்கும். ஹார்மோன் அடங்கினால்தான் பழக்கம் நிற்கும்.

அப்படியானால் கருத்தடை செய்தே ஆக வேண்டுமா? பயமாக இருக்கிறதே.

வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டு வளர்ப்பதென்றால், செய்வதே நல்லது என்பது என் கருத்து. தரை சுத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கருப்பை அகற்றாத பெண் முயல்களுக்கு மூன்று நான்கு வயதைத் தாண்டினால் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாக வருகிறது.

ஆணுக்கு நான்கைந்து மாதத்தில், விதைகள் இறங்கியதும் செய்யலாம். பெண்ணுக்கு ஐந்தாறு மாதம் ஆகட்டும். உங்கள் பயமும் நியாயம்தான். நாய் பூனைக்குக் கைதேர்ந்த மருத்துவர் எல்லாருக்கும் முயல் பழக்கமிருக்காது. முன்னமே போய் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, முயலுக்கு எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? இரண்டு, முதல்நாள் ராத்திரி பட்டினி போட வேண்டுமா? "ஆமாம், பட்டினி போட்டுக் கொண்டுவாருங்கள்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது, அதனால் அந்தப் பட்டினிக்கு அவசியமில்லை. குடல் ஓட்டம் நின்றுபோகும் ஆபத்துதான் மிச்சம். கண் விழித்த சில மணி நேரத்தில் அது புல்லைக் கடிக்க வேண்டும். கடிக்கவில்லை என்றால் உடனே போன் செய்யுங்கள்.

பலன் மறுநாளே தெரியாது, சில வாரங்கள் ஆகும். ஆண் முயல் அறுவைக்குப் பிறகும் ஆறு வாரம் வரை சினைப்படுத்தக்கூடும், பெண்ணோடு விடாதீர்கள். வருடக்கணக்காகப் பீய்ச்சிப் பழகிய முயலிடம் மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். அதைப் பயிற்சியால் பார்த்துக்கொள்ளலாம்.

ட்ரேயாக எதை வைக்கலாம்? உள்ளே என்ன போடுவது?

கடையில் முயலுக்கென்று விற்கும் முக்கோண மூலை ட்ரேயை வாங்காதீர்கள். முயல் அதில் உட்கார்ந்தால் பின்பக்கம் வெளியே நிற்கும். "ட்ரேயில்தான் உட்காருகிறது, ஆனால் வெளியேதான் போகிறது" என்று வரும் புகார்களில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம். பாத்திரக் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் போதும். முயல் உள்ளே படுத்துத் திரும்ப இடமிருக்க வேண்டும். கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கும் வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற பெரிய இனம் என்றால் துணி ஊறவைக்கும் டப்பே வேண்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் விளிம்பைத் தாழ்வாக வெட்டி, வெட்டிய இடத்தைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். பீய்ச்சுகிற ஆண் என்றால் மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருக்கட்டும்.

அடியில் பழைய செய்தித்தாள் நாலைந்து மடிப்பு, மேலே கைப்பிடி கைப்பிடியாக உலர்புல். சிக்கனமான வழி இதுதான், பெரும்பாலான முயல்கள் இதை ஏற்றுக்கொள்ளும். காகிதக் குருணையோ, சூட்டில் உலர்த்திய மரக் குருணையோ கிடைத்தால் அடியில் ஒரு விரல் உயரம் போடலாம், நாற்றத்தை நன்றாக இழுக்கும்.

எவை கூடாது? நனைந்தால் கட்டியாகும் பூனை மணல் கூடாது, தின்றால் குடலில் அடைத்துக்கொள்ளும். மர டிப்போ மரத்தூள் வேண்டாம். என்ன மரம் என்று தெரியாது, தூசும் அதிகம், பைன் போன்ற மரங்களின் வாசனை எண்ணெய் ஈரலுக்கு ஆகாது. தென்னை நார்த் துகள் ஈரத்தை நன்றாகத்தான் உறிஞ்சும், ஆனால் நனைந்தால் ஊதும். எதையும் கடித்துப் பார்க்கிற முயலுக்கு அது சரிப்படாது.

உலர்புல்லுக்கு இறக்குமதி டிமோத்தி புல்தான் வேண்டும் என்பதில்லை. அருகம்புல், கினியாப் புல் போன்றவற்றை மருந்தடிக்காத இடத்தில் அறுத்து நிழலில் உலர்த்தினால் போதும். வைக்கோலில் சத்து குறைவு, அடியில் விரிக்கலாம், சாப்பாட்டுக்கு நம்பக்கூடாது. குதிரைமசால் என்ற தீவனப் பயிர் வளரும் குட்டிகளுக்குச் சரி. வளர்ந்த முயலுக்குத் தினமும் கொடுத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மூத்திரத்தைக் கெட்டியாக்கும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

சின்ன இடத்திலிருந்து. முதல் வாரம் ஒரு கூண்டு, அதைச் சுற்றி நாலடி வேலி, அவ்வளவுதான். அது எந்த மூலையில் மூத்திரம் போகிறது என்று பார்த்து, அந்த மூலையில் ட்ரேயை வையுங்கள். நம் வசதிக்கு வேறு மூலையில் வைத்துவிட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. மூத்திரத்தை ஒரு காகிதத்தில் ஒற்றி, கொஞ்சம் புழுக்கையையும் அள்ளி ட்ரேக்குள் போடுங்கள். புல்லை ட்ரேயின் ஒரு ஓரத்திலோ, அங்கிருந்தபடியே எட்டும் உயரத்திலோ வையுங்கள். முயல் தின்றுகொண்டே போகிற பிராணி. சாப்பாடும் கழிப்பிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நமக்கு அருவருப்பு, அதற்கு அதுதான் சௌகரியம்.

மூத்திரம் போவதற்கு முன் மூலையில் பின்னால் நகர்ந்து, வாலைத் தூக்கும். அந்த நொடியைப் பிடித்து மெதுவாக ட்ரே பக்கம் விரட்டிவிடலாம். தூக்கிக்கொண்டு ஓடினால் பயந்துபோய் ட்ரேயையே வெறுக்கும். உள்ளே போய் முடித்தால் உடனே இரண்டு கொத்தமல்லித் தழை.

வெளியே தப்பு நடப்பது நின்ற பிறகுதான் இடத்தைப் பெரிதாக்க வேண்டும். முதல் நாளே ஹால் முழுவதும் திறந்துவிட்டால் அதற்கு ஹாலே கழிப்பிடம். மறுபடி தப்பு செய்தால் இடத்தைச் சுருக்குங்கள்.

பண்ணையிலிருந்து வாங்கிய முயல் என்றால் கூடுதல் பொறுமை வேண்டும். கம்பிவலைத் தரையில் வளர்ந்த முயலுக்கு எல்லாம் கீழே விழுந்து மறைந்துவிடும், மூலை தேடும் வேலையே இருந்திருக்காது. அந்தக் கம்பித் தரையை வீட்டில் தொடராதீர்கள், உள்ளங்கால் புண்ணாகும். குட்டியைவிட வளர்ந்த, கருத்தடை செய்த முயல் சீக்கிரம் பழகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தப்பான இடத்தில் போனால் மூக்கை அதில் தேய்க்கலாமா? லேசாக ஒரு தட்டு?

கூடாது. அதற்குக் காரணம் புரியாது, உங்களைக் கண்டால் ஓடுவது மட்டும் புரியும்.

தரையெல்லாம் சுத்தம். கட்டிலிலும் சோபாவிலும் மட்டும் மூத்திரம். ஏன்?

உங்கள் வாசனை அடர்த்தியாக இருப்பது அங்கேதான். மெத்தென்று காலுக்குப் பிடிமானமும் கிடைக்கிறது. வழுவழுப்பான டைல்ஸில் முயலுக்குக் கால் நிற்காது, அதனால் துணியும் பாயும் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும். கோரைப்பாயையும் விடாது. சில மாதங்களுக்குக் கட்டில் பக்கமே விடாமல் இருப்பதுதான் வழி. படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், சோபாமேல் பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். முயலுக்கென்று தரையில் ஒரு சாக்கோ பழைய போர்வையோ விரித்துக் கொடுங்கள்.

கூண்டைச் சுத்தம் செய்யக் கையை விட்டால் சீறிக்கொண்டு கடிக்க வருகிறது. சுத்தம் செய்து முடித்ததும் பிடிவாதமாக உடனே புழுக்கை போடுகிறது.

பிடிவாதமில்லை. அதன் வாசனையை நீங்கள் மொத்தமாகக் கழுவிவிட்டீர்கள், அது திரும்ப எழுதுகிறது. முயல் வெளியே விளையாடும்போது சுத்தம் செய்யுங்கள், கண்ணெதிரே வேண்டாம். ட்ரேயை மாற்றும்போது பழைய புழுக்கையில் ஒரு கைப்பிடியும், ஈரக் காகிதத்தில் ஒரு துண்டும் மிச்சம் வையுங்கள். ட்ரேயையும் கூண்டையும் ஒரே நாளில் கழுவாதீர்கள். முயலை உள்ளே கைவிட்டு இழுக்காமல், தானாக வெளியே வரவிட்டால் சீறலும் குறையும்.

மேசைக்கால், செருப்பு, என் கால் எல்லாவற்றிலும் தாடையைத் தேய்க்கிறதே, அரிப்பா?

அரிப்பில்லை. தாடைக்குக் கீழே வாசனைச் சுரப்பி இருக்கிறது, தேய்த்ததெல்லாம் தனது என்று பதிவு செய்கிறது. நமக்கு அந்த வாசனை தெரியாது, கறையும் இல்லை. விட்டுவிடுங்கள்.

இரண்டாவது முயல் வந்ததிலிருந்து பழையது எங்கும் போட ஆரம்பித்துவிட்டது.

எதிர்பார்த்ததுதான். இரண்டும் எல்லைக் கணக்கு பார்க்கின்றன. இரண்டுக்கும் கருத்தடை ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் சேர்க்காதீர்கள். சந்தையில் "ரெண்டும் பொண்ணுங்க" என்று கொடுத்த ஜோடி ஒரே மாதத்தில் குட்டி போடும் கதை சர்வ சாதாரணம். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான்.

முதலில் பக்கத்துப் பக்கத்து வேலியில் வைத்து, புழுக்கை உள்ள ட்ரேயை மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகட்டும். நேரில் சந்திக்க வைப்பது இரண்டுமே கால் வைக்காத இடத்தில் இருக்க வேண்டும், மொட்டைமாடிப் படிக்கட்டுத் தளமோ நண்பர் வீட்டு அறையோ. பழைய முயலின் கூண்டுக்குள் புதியதை விட்டால் ரத்தக்காயம் வரை போகும். பழகி முடிக்கும்வரை ஆளுக்கொரு ட்ரே. ஒன்றாகிவிட்டால் பெரிய டப் ஒன்றிலேயே சேர்ந்து உட்காரும். வேலியோரப் புழுக்கை வரிசை தானாகக் குறையும்.

மூத்திரம் சிவப்பாக வருகிறது. ரத்தமா?

எப்போதும் இல்லை. செடிகளில் உள்ள நிறமிகளால் ஆரஞ்சு, செம்பழுப்பு வரை போகும், ஓரிரு நாளில் மாறிவிடும். வெள்ளையாகக் கலங்கியிருப்பதும் ஓரளவு இயல்பு. முயலின் குடல் சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சும், மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றும். ஆனால் காய்ந்தால் மாவு மாதிரிப் படிவதோ, சகதியாக வருவதோ, முக்கி முக்கிப் போவதோ கல்லுக்கான அறிகுறியாக இருக்கலாம். திட்டுத் திட்டாக, கட்டியாகச் சிவப்பு தெரிந்தால், அதுவும் கருத்தடை ஆகாத பெண் என்றால், அன்றே காட்டுங்கள்.

வீட்டில் இருக்கிற அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை வாய்வழியாகக் கொடுத்துவிடாதீர்கள். குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து முயலையே கொன்றுவிடும்.

இரண்டு வருடம் ஒழுங்காக இருந்த முயல் திடீரென்று மாறிவிட்டது.

முதலில் உடம்பைச் சந்தேகப்படுங்கள். வயதான முயலுக்கு மூட்டுவலி வந்தால் ட்ரே விளிம்பைத் தாண்ட முடியாது, வாசலிலேயே போய்விடும். விளிம்பைத் தாழ்த்தினாலே சிலதுக்குச் சரியாகும். பின்னங்கால் தள்ளாடுவது, தலை ஒரு பக்கம் சாய்வது கூடவே இருந்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் வீட்டில் என்ன மாறியது என்று யோசியுங்கள். விருந்தாளி, புதுப் பூனை, இடம் மாற்றிய அலமாரி, தீபாவளி வெடிச் சத்தம், எதுவும் போதும்.

தப்பான இடத்தில் போவதைவிட எங்குமே போகாமல் இருப்பதுதான் அவசரம். பன்னிரண்டு மணி நேரமாகப் புழுக்கையே இல்லை, சாப்பிடவும் இல்லை என்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். குடல் நின்றுபோயிருக்கும்.

கறையும் நாற்றமும் போக என்ன போட்டுத் துடைப்பது?

மளிகைக் கடை வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபங்கு. ட்ரே அடியில் படியும் வெள்ளைப் பாறையை வினிகர் ஊற்றிவைத்தால் கரைத்துவிடும். டைல்ஸுக்குப் பிரச்சினையில்லை. மொசைக், மார்பிள் தரையில் ஊற்றாதீர்கள், கல்லின் பளபளப்பை அரித்துவிடும். அங்கே சோப்புத் தண்ணீர்தான். மெத்தையில் நொதி கலந்த கறைநீக்கி.

பினாயில் வேண்டாம், முயல் காலை நக்கும் பிராணி. பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ மூத்திரத்தின் மேலேயே கொட்டினால் நச்சு வாயு கிளம்பும், உங்களுக்கும் ஆபத்து. உண்மையில் ஈரக் காகிதத்தைத் தினமும் எடுத்துவிட்டால் நாற்றப் பேச்சே எழாது. மூத்திரத்தின் அம்மோனியா கண்ணைக் கரிக்கிறது என்றால், தரையோடு மூக்கை வைத்துக் கிடக்கிற முயலின் நுரையீரலுக்கு அது ஏற்கெனவே அதிகம்.

மழைக்காலத்தில் ஈ மொய்க்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடவே கூடாது. பின்பக்கத்தில் மூத்திர ஈரமோ மென்புழுக்கையோ ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். மழைக்காலத்திலும் வெயில் காலத்திலும் தினம் இரண்டு வேளை வாலைத் தூக்கிப் பாருங்கள். புழு கண்ணில் பட்டால் குளிப்பாட்டிக்கொண்டு இருக்காமல் நேரே மருத்துவரிடம் ஓடுங்கள்.

இவ்வளவு புழுக்கையையும் என்ன செய்வது?

மாடித்தோட்டம் இருந்தால் கவலையே இல்லை. கோழி எருவைப் போலச் சூடு கிளப்பாது, காய்ந்த புழுக்கையை ரோஜா, செம்பருத்தித் தொட்டியில் அப்படியே போடலாம். கீரைத் தொட்டிக்கு என்றால் மட்கவைத்த பிறகு. மூத்திரம் ஊறிய காகிதத்தையும் புல்லையும் நேரடியாகப் போடாதீர்கள், வேர் கருகும். உரத் தொட்டியில் காய்ந்த இலையோடு கலந்து மூடிவையுங்கள்.